மூன்று குழாய்களோடு அடையாறு வரை

ஆய்வு மாதிரிகளை ரயிலில் சென்னைக்குக் கொண்டுபோவது பற்றி ஒரு வாசகி கேட்டிருந்தார். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மே மாதம், நான் கொண்டுபோயிருக்கிறேன். கசப்பான பயணம்தான். ஆனாலும் வழி சொல்கிறேன்.

அப்போது மதுரையில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்திலிருந்து நன்மை செய்யும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வகை, பேதிக் கிருமிகளை வளரவிடாமல் தடுத்தது. மூன்று வருட உழைப்பு. ஏப்ரலில் மின்சாரம் போய் எங்கள் உறைபெட்டி கெட்டதில் மிஞ்சியது மூன்று குழாய்கள். அவற்றை உறையவைத்து உலர்த்திவிட்டால் பல வருடம் தாங்கும். அந்த இயந்திரம் எங்களிடம் இல்லை. அடையாற்றில் ஓர் ஆய்வு நிலையத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எழும்பூரில் இறங்கினேன். அடையாறு பத்து கிலோமீட்டர். பேருந்தில் ஐஸ் பெட்டியோடு ஏற முடியாது. ஆட்டோக்காரர் அறுபது ரூபாய் கேட்டார், ஐம்பதுக்கு வந்தார்.

"இன்னாம்மா கீது பொட்டில?"

"குழந்தைங்க வயித்துல இருக்கற கிருமி. நல்ல கிருமி."

"கிருமில நல்லது வேற கீதா?" ராயப்பேட்டை சிக்னலில் திரும்பிப் பார்த்து, "எம்பொண்ணுக்கு அடிக்கடி வவுத்தால போவுது. இது எப்போ மருந்தாவும்?" என்றார். சில வருஷம் ஆகும் என்றேன். தலையாட்டினார்.

இயந்திரம் தயாராகத்தான் இருந்தது. ஆனால் இயக்குநர் கையெழுத்து வேண்டும். அவரோ விடுப்பில் மயிலாப்பூர் வீட்டில். உதவியாளர் சேகர் குழாய்களை ஆய்வகக் குளிர்பெட்டியில் வைத்தார். நான் மயிலாப்பூருக்குப் பேருந்து ஏறினேன்.

இயக்குநரின் மனைவி கதவைப் பாதி திறந்து, "படுத்துண்டிருக்கார். நாலு மணிக்கு மேல வாங்கோ" என்றார். தெப்பக்குளத்துப் படியில் நிழல் தேடி உட்கார்ந்திருந்தேன். மாலையில் இயக்குநர் என் கடிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அதற்குள் ஆய்வகம் பூட்டியாயிற்று. சனி, ஞாயிறு விடுமுறை. தி.நகரில் ஒரு விடுதியில் தங்கினேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுக்காதீர்கள், தூக்கம் வராது.

திங்கள் காலை போனபோது குழாய்கள் ஜன்னலோரம், வெயில் படும் மேசைமேல் நின்றன. மூன்றும் கலங்கியிருந்தன.

"லீவுதான், ஆனா சனிக்கெழம இங்க கூட்டம் மேடம்," என்றார் சேகர். "வெளிநாட்டுக்காரர் வந்தாரு. கூல்டிரிங்ஸ் வைக்க எடமில்லன்னு சார்தான் எடுக்கச் சொன்னாரு. மதுரை மேடம் டியூப்னு சொன்னேன். பழைய மோரா இருக்கும்னாரு."

அறிவிப்புப் பலகையில் கூட்டத்தின் தலைப்பு இன்னும் ஒட்டியிருந்தது: குடலின் நல்ல நுண்ணுயிர்களைக் காப்பது எப்படி.

சேகர் சொன்ன சார், துறைத் தலைவர், என்னை உட்காரச் சொன்னார். "மறுபடி ஐசொலேட் பண்ணிக்கலாமே. அந்தக் குழந்தைங்க எங்க போயிடப் போறாங்க?"

"அவங்க இப்ப சோறு சாப்பிடறாங்க சார். வயித்துல இருக்கறது மாறியிருக்கும்."

"அப்ப வேற குழந்தைங்க."

எழுந்து வந்துவிட்டேன். ஊருக்குத் திரும்பி, காற்றுப் புகாத ஜாடியில் மறுபடி வளர்த்துப் பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. மே மாதச் சூட்டில் கண்டபடி பெருகி, தாங்கள் சுரந்த அமிலத்திலேயே செத்திருந்தன. வேறு குழந்தைகளிடமும் தேடினேன், அந்த வகை கிடைக்கவில்லை. நிதியை நிறுத்தினார்கள். அதன்பின் ஓய்வு பெறும்வரை பாடம் மட்டும் நடத்தினேன். இப்போது கடைகளில் அதே வேலைக்கென்று வெளிநாட்டு பாக்டீரியா பாட்டிலில் வருகிறது. நான் வாங்குவதில்லை.

வாசகிக்கு: மே மாதம் வேண்டாம், டிசம்பரில் போங்கள். வெள்ளிக்கிழமை போய் இறங்காதீர்கள். கையெழுத்தைத் தபாலில் முன்பே வாங்கிவிடுங்கள். பாதியை ஊரிலேயே வேறொருவரிடம் கொடுத்துவையுங்கள். எவ்வளவு பெரிய நிலையமானாலும், மாதிரியைக் கொடுக்குமுன் அவர்கள் குளிர்பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே குடிக்கிற பாட்டில் ஒன்று இருந்தாலும் உங்கள் ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலிலேயே திரும்பிவிடுங்கள்.