அசையாத முள்

என் அக்காவின் கணவரைப் பட்டறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முள்ளுக்காரர் என்றால்தான் தெரியும். நாங்கள் செய்வது காற்றை அடைத்துவைக்கும் இரும்புத் தொட்டிகள்; லாரிக்குக் காற்றடிக்கும் இடத்தில் மூலையில் உறுமிக்கொண்டு கிடக்குமே, அதுதான். வெளியே அனுப்புவதற்கு முன் அழுத்தம் கொடுத்து, தாங்குகிறதா என்று பார்ப்பது மாமாவின் வேலை. அளவுமானியின் முள்ளைப் பார்ப்பதில் பாதியாவது தன் முகத்தைப் பார்த்திருந்தால் தேவலை என்பாள் அக்கா. நான் வெல்டர். நான் ஒட்டுவேன், அவர் குறை கண்டுபிடிப்பார். மாமனுக்கும் மைத்துனனுக்கும் சண்டை வர வேறு காரணமே வேண்டாம்.

மாமாவுக்குக் காற்று என்றாலே ஆகாது. இளவயதில் அவர் வேலை பார்த்த இடத்தில், தண்ணீர் நிரப்ப நேரமாகிறதென்று தொட்டியில் காற்றையே ஏற்றிச் சோதித்தார்கள். தொட்டி பிளந்தது. அதன் மூடி கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. பக்கத்தில் நின்ற அவருடைய கூட்டாளி அங்கேயே போய்விட்டார். மாமாவுக்கு இடது காது போயிற்று. அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஒரு பலூன்கூட ஊதித் தந்ததில்லை. சைக்கிளுக்குக் காற்றடித்தாலும் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டுதான் அடிப்பார்.

"காத்துத் தொட்டிக்குத் தண்ணி ஊத்தி சோதிக்கிறீங்களே, இது என்ன கூத்து?" என்று ஒருநாள் சாப்பாடு போடும்போது அக்கா கேட்டாள்.

"தண்ணிய அமுக்க முடியாதுடி. எவ்வளவு நெருக்கினாலும் அதே எடம்தான் புடிக்கும். தொட்டி கிழிஞ்சா சளக்குன்னு கொஞ்சம் கொட்டும், அதோட சரி. காத்து அப்படி இல்ல. நெருக்க நெருக்க ஒடுங்கிக்கும். நாம தள்ளுன தள்ளு அத்தனையும் உள்ளயே வச்சிருந்து, வழி கெடச்சதும் ஒரே அடியா திருப்பிக் குடுக்கும்."

"அப்ப நான் தண்ணி, நீங்க காத்து" என்றாள். மாமா இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அது நடந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மா சொன்னதில்லை.

வழக்கமாகச் சோதனை நடக்கும் கொட்டகையில் அந்த வாரம் தரையை உடைத்துப் போட்டிருந்தார்கள். பெரிய தொட்டி ஒன்று அவசரமாகப் போயாக வேண்டும். கிரேன்காரர் அதை வெளிமுற்றத்தில், மதிலை ஒட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போனார். ஒரு முனையின் மூடி மதிலைப் பார்த்திருந்தது. மறுமூடிப் பக்கம் மேலே காற்று வெளியேறும் துளை, கீழே தண்ணீரைத் திறந்துவிடும் குழாய். மாமா தண்ணீரை நிரப்பினார். துளையில் கொப்புளம் வந்தது, பிறகு தெளிந்த தண்ணீர் வழிந்தது. தண்ணீர் வழிந்தால் தொட்டி நிறைந்துவிட்டது என்று கணக்கு. துளையை முடுக்கி அடைத்தார்.

எப்போதும் கைப்பம்புதான் அடிப்பார். அன்றைக்குப் புதிதாக வந்திருந்த மோட்டார் பம்பு. அது உறுமியது, முள் ஏறியது. பாதி அழுத்தத்தில் பம்பை நிறுத்திவிட்டு, தடுப்புச் சுவருக்குப் பின்னாலிருந்து மாமா கையசைத்தார். ஒட்டுகளைத் துடைத்துக் கசிவு பார்க்க வெல்டர் உள்ளே போகும் நேரம் அது.

நான் துணியும் சாக்பீஸுமாக, மதிலுக்கும் மூடிக்கும் நடுவில் இருந்த சந்தில் போய்க் குந்தினேன். ஒரு பக்கம் இரும்புத் தகடுகளின் அடுக்கு. மறுபக்கம் நான் வந்த வழி, மூடியின் ஒட்டை உரசிக்கொண்டு.

ஒட்டு ஈரமாக இருந்தது. குளிர்ந்த தண்ணீர் உள்ளே இருந்தால் இரும்பு வெளியே வியர்ப்பதுண்டு. கசிவா, வியர்வையா என்று பார்த்ததும் சொல்லிவிட முடியாது. துடைத்தேன். மறுபடி ஈரம்.

"முள் என்ன மாமா சொல்லுது?"

"அப்படியே நிக்குது."

"அப்ப வேர்வைதான். என் ஒட்டுல குத்தம் கண்டுபிடிக்கலாம்னு பாக்காதீங்க."

வழக்கமாக இதற்கு ஏதாவது குத்தலாகச் சொல்வார். இப்போது, "சாக்பீஸ் போட்டுப் பாரு" என்றார். நான் சாக்பீஸை உரசினேன். வெள்ளையின் நடுவே நூல் போல ஒரு கறுப்புக் கோடு எழுந்தது. அதன் அடியில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. அடுத்தது திரண்டது.

"சொட்டுது மாமா."

"நல்லாப் பாத்தியா?"

"விடாம சொட்டுது. முள் எறங்குதா?"

"இல்ல."

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் மட்டும் இருக்கும் தொட்டியில் நாலு சொட்டு வெளியே போனாலே முள் பொத்தென்று விழ வேண்டும். விழவில்லை என்றால், போன தண்ணீரின் இடத்தை உள்ளே ஏதோ ஒன்று விரிந்து நிரப்புகிறது. விரியத் தெரிந்தது காற்று மட்டும்தான். மறுமுனைத் துளையில் தண்ணீர் வழிந்துவிட்டது; அப்படியென்றால் அது இந்த மூடிக்குப் பின்னால்தான், என் முகத்துக்கு நேராக, ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.

"எல்லாரும் கேட்டத் தாண்டிப் போங்க" என்று மாமா மற்றவர்களிடம் சொல்வது கேட்டது. பிறகு என்னிடம், "மாப்ள, வெளிய வர வேண்டாம். ஒட்டுகிட்ட வராத. மூலைல படுத்துக்கோ."

பம்பு வழியாக அழுத்தத்தை இறக்க முடியாது. அந்தக் குழாயில் இருந்தது ஒருவழி வால்வு, போனது திரும்பாது. தொட்டியின் அடியில் இருந்த குழாயைக் கையால் திறக்க வேண்டும். மாமா சுவரை விட்டு வெளியே வந்தார்.

"வராதீங்க மாமா. அக்காவ நெனச்சுப் பாருங்க."

"அவள நெனச்சுத்தான் வரேன். உன்ன விட்டுட்டுப் போய் அவ மொகத்துல முழிக்கவா?"

தொட்டியின் அடியில், இடுக்கு வழியாக, அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. மண்டியிட்டார். வெடுக்கென்று திறந்தால் தொட்டி அதிரும். கீறலுக்கு அந்த அதிர்ச்சி போதும். திருகியை மயிரிழையாகத் திருப்பினார். தண்ணீர் சீறிக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் அறைந்தது. அளவுமானி அங்கே தடுப்புச் சுவருக்குப் பின்னால். வாழ்நாளெல்லாம் முள்ளைப் பார்த்த மனிதருக்கு அப்போது முள் இல்லை. தண்ணீர் எவ்வளவு தூரம் பாய்கிறது என்பதைத்தான் பார்க்க முடிந்தது.

சரியாக நிறைந்த தொட்டியென்றால் ஒரு செம்புத் தண்ணீரோடு அழுத்தம் செத்துவிடும். இது வாளி வாளியாகக் கொட்டியும் அதே வேகத்தில் சுவரை அறைந்தது. என் கண்ணுக்கு நேரே கறுப்புக் கோடு விரல் நீளம் வளர்ந்தது. என் கையால் போட்ட ஒட்டு. நான் அழுதேன், சத்தம் வராமல் துணியைக் கடித்துக்கொண்டேன்.

கடைசியில் பாய்ச்சல் சுவரைத் தொடவில்லை. பாதி முற்றத்தில் விழுந்தது. பிறகு குழாயின் வாயிலேயே வழிந்தது.

நான் ஊர்ந்து வெளியே வந்தபோது மாமா ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். முற்றத்துத் தண்ணீரெல்லாம் மதில் பக்கத்திலிருந்து சாக்கடை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. மழைநீர் வடிய வாட்டம் வைத்துக் கட்டிய முற்றம். துளை இருந்த முனை பள்ளத்தில், மதில் பக்கத்து முனை மேட்டில். மேட்டிலிருந்த காற்றுக்கு வெளியேற வழியே இல்லை. கைப்பம்பாக இருந்திருந்தால், உள்ளே காற்று இருப்பதை அடிக்கும் கையே சொல்லியிருக்கும்.

"தரையப் பாக்கல மாப்ள" என்றார்.

ஒட்டை அரைத்தெடுத்து மறுபடி போட்டேன். துளை இருந்த முனையைத் தூக்கி, அடியில் கட்டை கொடுத்தோம். தண்ணீர் நிரப்பியதும் மாமா என் கையிலிருந்த துணியையும் சாக்பீஸையும் பிடுங்கிக்கொண்டார்.

"நீ முள்ளப் பாரு. தொடைக்கிறது நான்."

"பைத்தியமா உங்களுக்கு?"

"செவுத்துக்குப் பின்னால நிக்கிறவனுக்கு பயம் விட்டுப் போகுது. எனக்குப் போயிருச்சு. கொஞ்ச நாள் நான் உள்ள இருக்கேன்."

பம்பு ஓடுவதற்கு முன்பே போய் அந்தச் சந்தில் குந்திவிட்டார். துளையில் தண்ணீர் தெளிவாக வழிந்தது, முடுக்கி அடைத்தேன். பம்பை ஓட்ட வேண்டியதுதான் பாக்கி. சுவிட்சில் வைத்த விரல் இறங்க மறுத்தது. இடுக்கில் தெரிந்த அந்த நரைத்த தலைக்காக இரவில் சாப்பாடு போடக் காத்திருப்பவள் என் அக்கா. போய்க் கட்டையைப் பார்த்தேன், துளையை மறுபடி தளர்த்திப் பார்த்தேன், எங்காவது காற்று தங்கி வெற்று ஓசை வருகிறதா என்று தொட்டியைத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை சுத்தியலால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டேன்.

"என்ன மாப்ள, எவ்வளவு நேரம்?" என்றார் உள்ளேயிருந்து.

"வாய மூடிட்டு உக்காருங்க மாமா" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. திரும்பவும் முதலிலிருந்து தட்ட ஆரம்பித்தேன்.