காயாத பெயிண்ட்

பொங்கலுக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியார் வீட்டுக் கதவுகளுக்குப் பெயிண்ட் அடித்து மூன்று நாளாகியும் வாடை போகவில்லை. அந்த வாடை என்னை ராஜபாளையத்தில் அம்மா வீட்டுப் பின்னறைக்கே கொண்டுபோய்விட்டது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கையில் பெரியவளானேன். வெள்ளையடிக்க ஒதுக்கிய அண்டாக்களுக்கு நடுவே பாயைப் போட்டு, தனித்தட்டு கொடுத்து உட்காரவைத்தார்கள். சுக்குக்காப்பியும் சூடான முறுக்கும் ஜன்னல் வழியே வந்தன. வாசலில் தங்கச்சி கலர்ப்பொடிக்குச் சண்டை போடுவது கேட்கும்.

"அம்மா, செத்த நேரம் வெளிய வாரேன்."

"ஏட்டி, கதவுல பெயிண்ட் காயல. இந்தப் பனிக்கு எங்க காயுது? பாவாடையில ஒட்டிரும், இரு."

தினமும் அதே பதில்தான். பொங்கலன்று வாசலில் குலவைச் சத்தம் கேட்டதும் கதவை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. ஆனாலும் திரும்பிப் போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டேன்.

நேற்று என் மகள் பெரியவளானாள். மாமியார் பின்னறையில் பாயை விரித்தார். நான் தனித்தட்டை எடுத்து வைத்தேன்.

இன்று காலை உள்ளேயிருந்து கேட்டாள், "அம்மா, கோலம் போட வரட்டுமா?"

"கதவுல பெயிண்ட் காயலடி" என்றேன், அதே கதவில் சாய்ந்து நின்றுகொண்டு.