அரை அங்குலம்

1981 ஜூலை 9, காலை பத்து மணி. கரட்டுப் பாதைக்காக உயர்த்திக் கட்டியிருந்த அப்பாவின் ஜீப், கனமான டீசல் எஞ்சினுக்கு மாற்றியபின் முன்பக்கம் தாழ்ந்துவிட்டது. கோச்சடையில் பட்டறை நடத்திய காதர் பாய், முன் ஸ்பிரிங்குகளில் இரும்புப் பட்டை சேர்த்து நிமிர்த்தினார். அளவுகோல் வைத்துப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கம் அரை அங்குலம் உயரம் கூடுதல்.

"உங்களுக்கு அளக்கவே தெரியாதா?" என்றேன். அதைக் கேட்டு, காத்திருந்த ஒருவர் தம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாய் என்னோடு வந்திருந்த அப்பாவிடம், "அண்ணே, ஓட்டுற சீட்டுல ஏறி உக்காருங்க" என்றார். "இப்ப அளந்து பாரும்மா."

இரு பக்கமும் சமமாக இருந்தன.

"அண்ணே எம்புட்டுக் கனம்னு எனக்குத் தெரியாதா? வண்டி தானா ஓடவா போகுது?"



மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். ஆட்கள் சேரும்வரை காத்திருந்து, அவர்கள் கேட்கும்படி மன்னிப்புக் கேட்டேன்.