வாயை மட்டும் அசைத்த பாட்டு

கரையான்சாவடியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழாவுக்குச் சேர்ந்திசைப் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. போன ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒரே பாட்டைச் சொன்னார்கள். சுருதிப் பெட்டியை ஐந்தரைக் கட்டைக்கு ஏற்றியதும் பின்வரிசை கப்சிப்.

"மேல போற எடத்த ரேவதி மேடம் பாத்துப்பாங்க சார்," என்றார் பின்வரிசை முருகேசன். எங்கள் குடியிருப்பில் அந்த உயரம் எட்டுவது ரேவதியின் குரல் ஒன்றுக்குத்தான்.

பூந்தமல்லியில் ஏழாம் வகுப்பு படித்தபோதும் இதே உயரம்தான். என்னோடு படித்த ஜெயந்தியின் குரலை நம்பித்தான் டீச்சர் பாட்டே எடுப்பார். "மேல போறப்ப மத்தவங்க வாய மட்டும் அசைங்க கண்ணுங்களா," என்பார். சாக்பீஸ் தூளும் மல்லிகையும் மணக்கும் அந்த அறையில், தப்பித்தவறிச் சத்தம் வந்துவிடுமோ என்று பயந்து பயந்து வாய் திறக்கப் பழகினேன்.

ஆண்டு விழாவில், பாட்டு மேலே ஏறும் இடத்தில் ஜெயந்திக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. முப்பது வாய்கள் அகலத் திறந்திருந்தன. ஆர்மோனியம் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

கூட்டத்திலிருந்து என் அப்பா கேட்டார்: "இன்னாபா, மைக்கு புட்டுகிச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜெயந்தி மேடையிலேயே அழுதாள். பாட்டு எங்கள் முப்பது பேருக்கும் மனப்பாடம். ஒருவரும் பாடவில்லை.

அதனால்தான் போன வாரம் நோட்டில் எல்லாரும் சொன்ன பாட்டை அடித்துவிட்டு, எல்லாக் குரலும் எட்டுகிற ஒன்றை எழுதினேன்.

"அப்ப நான் எதுக்கு சார்?" என்றார் ரேவதி. சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

இன்று ஒத்திகைக்குப் பின்வரிசை முழுக்க வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ரேவதியை இன்னும் காணோம். நான் லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.