பூபதி நட்ட கம்பம்

மலைமேல் குண்டூர் நாட்டில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து, பூபதி என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அவன் அப்பா, "கோயமுத்தூர் கம்பெனிக்கு ஊட்டுல இருந்தே வேலை செய்யறானுங்க" என்பார். அவன் அம்மாவுக்கு அது இன்னும் வேலையாகவே படவில்லை. "காட்டுக்கும் போறதில்ல, ஆபீசுக்கும் போறதில்ல. அந்தப் பொட்டியத் தொறந்து வெச்சுக்கிட்டு தனக்குத்தானே பேசிக்கிறான்."

கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பது அவன் தொழில். பேளுக்குறிச்சிச் சந்தையில் கடை பரப்புகிற மாதிரி கம்ப்யூட்டரில் பரப்பித் தருகிறான் என்று நான் அந்த அம்மாவுக்கு விளக்கிப் பார்த்தேன். "அப்ப சுங்கம் யாரு வாங்கறது?" என்று கேட்டார்.

நானும் அவனும் ஒன்றாகக் கல்லூரிக்குப் போனவர்கள். இரண்டு வீட்டிலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நாங்கள்தான். அந்தப் பெருமையை நான் மறைப்பதில்லை. ஆனால் நான் வேலை கிடைத்ததும் நாமக்கல்லுக்கு இறங்கிவிட்டேன். அவன் மலையிலேயே இருந்து காட்டினான்.

ஞாயிற்றுக்கிழமையானால் சொந்தமாக எதையாவது செய்துகொண்டிருப்பான். 'பஸ் எங்கே' என்ற பக்கம் அப்படிப் பிறந்ததுதான். பஸ்ஸில் இருப்பவர்கள் போனில் ஒரு பொத்தானை அமுக்கினால், பஸ் எந்த வளைவில் ஏறுகிறது என்று மேலே காத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆரம்பித்த வாரமே, பஸ் அடிவாரத்தில் நிற்கும்போது எங்கள் ஊருக்கே வந்துவிட்டதாகப் பக்கம் சொன்னது. நாலு பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விசாரித்தால், வீட்டில் உட்கார்ந்தபடி அமுக்கியது எங்கள் ஊர் மாதம்மாள். "அமுக்குனா வெரசா வரும்னு நெனச்சேனுங்க." ரோட்டில் நகர்கிற போனிலிருந்து அமுக்கினால்தான் செல்லும் என்று அதன்பிறகு மாற்றினான்.

இதற்கெல்லாம் இணையம் வேண்டுமே. மலையில் பெரிய ஊரான செம்மேடு வரை நல்ல இணைப்பு வந்துவிட்டது, எங்கள் ஊருக்கு வரவில்லை. பூபதி இளவட்டங்களைச் சேர்த்துக்கொண்டு, தன் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஒரு சில்வர் ஓக் கம்பம் நட்டான். உச்சியில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு வெள்ளை ஆன்டெனாச் சட்டி. செம்மேட்டில் ஒரு மாடிமேல் இதேபோல் இன்னொன்று. இரண்டு சட்டியும் ஒன்றையொன்று மறைவில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தால் இணையம் வரும். அதை ஊருக்கே திறந்துவிட்டான். சனிக்கிழமை அவன் வாசலில் கூட்டம்தான்: உதவித்தொகை விண்ணப்பம், சாதிச் சான்று, கல்லூரிச் சேர்க்கை. கூலி வாங்க மாட்டான். பலாப்பழம் வைத்துவிட்டுப் போனால் வேண்டாமென்றும் சொல்ல மாட்டான்.

இந்த ஆடி மழையில்தான் சிக்கல் வந்தது. தூறல் விழுந்தால் இணையம் செத்துவிடும், வெயில் அடித்தால் பிழைத்துக்கொள்ளும். போன வருஷம் இதைவிடப் பெரிய மழையிலும் அப்படி ஆனதில்லை. கம்பெனிக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவன் வாயைத் திறந்தபடியே திரையில் உறைந்து நின்றுவிட்டான். இரண்டாம் முறையும் அப்படி ஆனதும் மேலாளர் ஓம்பிரகாஷ் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஈரோட்டுப் போர்வைக் கடையோட ஆடித் தள்ளுபடி வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்குத் திறக்கணும். அன்னிக்கும் நீ பாதியில காணாமப் போனா, மூட்டையைக் கட்டிக்கிட்டு இங்க வந்து உட்கார்ந்துதான் வேலை பார்க்கணும்."

அவன் கோயம்புத்தூர் போய்விட்டால் கம்பத்தைப் பார்க்க ஆளில்லை, சனிக்கிழமைக் கூட்டமும் இல்லை. அதைவிட, அவனுக்குப் போக மனமில்லை. வயரை மாற்றினான். பெட்டியை மாற்றினான். செம்மேட்டுக்காரரோடு சண்டை போட்டான். மேகத்தைத் திட்டினான்.

வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டு ஊரில் இருந்தேன். விடிந்ததிலிருந்து சாரல். இணையம் இல்லை. பூபதி மேட்டில் நின்று கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது பள்ளிக்கூடம் போகிற வழியில் வாத்தியார் சூசைமாணிக்கம் குடையோடு வந்து நின்றார். திண்டுக்கல் பக்கமிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"ஏம்ப்பா, அந்தச் சட்டிய ஏன் செடியால மூடி வச்சிருக்கீங்க?"

"எந்தச் செடிங்க சார்?" என்றான் பூபதி.

"என்னப்பா விளையாடுறியா? அந்தா, சட்டிக்கு முன்னாடி மொத்தமா தொங்குதே!"

அப்போதுதான் நாங்கள் பார்த்தோம். கம்பம் நட்ட வருஷமே, பக்கத்துக் காட்டு அத்தாயி அதன் அடியில் மிளகுக்கொடி வைத்திருந்தார். எங்கள் மலையில் ஒரு கம்பம் சும்மா நின்றால் யாருக்கும் பொறுக்காது. இரண்டு மழைக்காலத்தில் கொடி உச்சிக்குப் போய், சட்டியின் முகத்தில் இலை இலையாக அப்பியிருந்தது. காய்ந்த இலையைத் தாண்டி எப்படியோ வந்துகொண்டிருந்த இணையம், நனைந்த இலையைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டது. பூபதி தினமும் அந்தக் கம்பத்தைப் பார்க்கிறவன். சாய்ந்த கொடியை ஒருநாள் அவனே நாரால் கட்டியும் விட்டிருக்கிறான். கம்பமென்றால் கொடி இருக்கும், இதில் பார்க்க என்ன இருக்கிறது?

அரை மணி நேரம்தான் இருந்தது. வீட்டுக்குள் ஓடி அரிவாளோடு வந்தான். ஏணியில் ஏறினான். அப்படியே நின்றுவிட்டான். கணுவுக்குக் கணு, மிளகு பிடிக்கிற பச்சைத் திரி விட்டிருந்தது கொடி. திரி விட்ட கொடியில் கத்தி வைப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. கம்பம் யாருடையதானாலும் கொடி வைத்தவருக்குத்தான் மிளகு என்பதும் வழக்கம்.

அதற்குள் சத்தம் கேட்டு அத்தாயி வந்துவிட்டார்.

"அடப்பாவி, என்ற கொடிய என்னடா பண்றே?"

"வெட்டலீங்க சின்னம்மா. பாத்துக்கிட்டுத்தான் நிக்கறேன்."

"பாக்கறதுக்கு எதுக்கு அருவா?"

விஷயத்தைச் சொன்னான். கயிறு போட்டு ஒதுக்கிக் கட்டலாமா என்று வாத்தியார் கேட்டார். "இழுத்துக் கட்டினா கணு உட்டுப் போயிரும் சார். பதமாப் புடிக்கோணும்" என்ற அத்தாயி சேலையை இழுத்துச் செருகினார். "எறங்கு சாமி. எத்தன நேரம் புடிக்கோணும், சொல்லு."

அவர் ஏறினார். நானும் வாத்தியாரும் ஏணியைப் பிடித்துக்கொண்டோம். பூபதி கீழே ஓடி, பின் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் உட்கார்ந்தான். அத்தாயி இலைகளை இரண்டு பக்கமும் ஒதுக்கினார். இணையம் வந்தது, உடனே போனது.

"சின்னம்மா, தலைய எடுங்க! உங்க தலை மறைக்குது!"

"என்ற தலையவா எடுக்கச் சொல்றே? நல்லாயிருக்குடா நாயம்!" என்று அவர் கம்பத்துக்குப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

பத்து மணிக்குக் கடை திறந்தது. ஓம்பிரகாஷும் ஈரோட்டு முதலாளியும் திரையில் இருந்தார்கள். போர்வை வாங்குகிறவர்கள் குவிந்தார்கள். ஓரிடத்தில் விலை தப்பாகக் காட்ட, பூபதி பேசிக்கொண்டே சரி செய்தான். ஒருமுறைகூட உறையவில்லை. எல்லாம் முடியும் நேரத்தில் மேலேயிருந்து குரல் வந்தது.

"கண்ணு, போர்வை போணியாச்சா? கை மரத்துப் போச்சுடா!"

"யாரது?" என்றார் ஓம்பிரகாஷ்.

பூபதி மழுப்பத் தெரியாதவன். பெட்டியைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினான். மழையில் ஏணிமேல் ஒரு பெண், இரண்டு கையிலும் கொடி. கீழே குடை பிடித்த வாத்தியார், நனைந்துபோன நான். ஈரோட்டு முதலாளிதான் முதலில் சிரித்தார். "அந்தம்மாவுக்கு ஒரு நல்ல போர்வை அனுப்பிடுங்க" என்றார்.

ஓம்பிரகாஷ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவங்களை முதல்ல இறங்கச் சொல்லு" என்றார். "இதுக்கு நிரந்தரமா வழி இருக்கா?"

"இருக்குங்க சார். கம்பத்துல ஒரு இரும்புக் கை வெச்சு, சட்டிய வெளிய தள்ளிருவேன். கொடி பாட்டுக்குக் கொடி இருக்கும்."

"சரி, செய். கோயம்புத்தூர் வர வேண்டாம். திங்கட்கிழமை புது வேலை அனுப்பறேன்."

பூபதி மேட்டுக்கு ஓடி வந்தான். "போதும் சின்னம்மா, எறங்குங்க! நான் இங்கயேதான் இருக்கப் போறேன்!"

அத்தாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிடைத்த நாரால் ஒரு தொங்கு கொடியைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இருந்துக்க, ஆரு வேண்டாம்னா? ஏறினது ஏறிட்டேன், நாலு கட்டுப் போட்டுட்டு வாரேன். அந்த நாரை எடுத்துக் குடு."