டிராலிக்கு இன்றைக்கு என்ன பழுது

இந்த வருடம் முழுக்க, காலையில் கண் விழித்ததும் நான் முதலில் யோசித்தது ஒன்றைத்தான். இன்றைக்கு டிராலியில் எதைக் கெடுப்பது?

டிராலி என்று நான் சொல்வது மாடி அறையில், என் மேசைமேல், உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ஒரு வண்டி. ரயில்வேயில் தண்டவாளத்தைப் பார்வையிடப் போவார்களே, அந்தத் தள்ளு டிராலியின் குட்டி. நாலு சக்கரம், மேலே பலகை, பலகைமேல் ஒரு பெஞ்சு, வெயிலுக்குக் குடை. நிஜ டிராலியில் பெஞ்சில் இன்ஜினியர் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேர் வெறுங்காலோடு தண்டவாளத்தின் மேலேயே ஓடித் தள்ளுவார்கள். வேகம் பிடித்ததும் தாவி ஏறிக்கொள்வார்கள். வேகம் செத்ததும் குதித்து மறுபடி ஓடுவார்கள். சித்திரை வெயிலில் அந்த இரும்பு எப்படிக் காய்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

என் அண்ணன் அப்படி ஓடியவர். உசிலம்பட்டிப் பக்கம் கொஞ்ச காலம், பிறகு மதுரைக்குத் தெற்கே கடைசிவரை. அவருடைய பாதத்தில் முள் குத்தினால் முள்தான் முறியும் என்று அவர் மனைவி, என் மதினி, கேலி செய்வாள். ஓய்வு பெற்று, திருப்பரங்குன்றத்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த கொஞ்ச நாளில் மறதி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

அது எல்லாவற்றையும் ஒரே மாதிரி எடுத்துக்கொண்டு போகவில்லை. முதலில் சாப்பிட்டதை எடுத்தது. பிறகு பெட்டிச்சாவியை, கிழமையை, சட்டைக்கு எந்தப் பக்கம் முன்பக்கம் என்பதை. பிறகு ஒரு நாள் மதினியின் பெயரை. டூட்டியை மட்டும் தொடவில்லை. காலையில் வெளிச்சம் வந்ததும் எழுந்து, முகம் கழுவி, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடுவார். ரயில் லைன் எங்கள் தெருவைத் தாண்டினால் வந்துவிடும். இப்போதெல்லாம் மின்சார ரயில். புகை இல்லை, பழைய இரைச்சல் இல்லை, ஹாரன் அடிக்காவிட்டால் பக்கத்தில் வந்த பிறகுதான் வந்ததே தெரிகிறது. அவர் தண்டவாளத்தின் மேல் ஏறி, குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நடப்பார். லைன் ஓரம் டீக்கடை வைத்திருக்கிறவர்தான் ஒவ்வொரு முறையும் போன் செய்வார்.

"அண்ணே, உங்க அண்ணன் டூட்டிக்கு வந்துட்டாரு. வந்து கூட்டிட்டுப் போங்க."

கேட்டைப் பூட்டிப் பார்த்தோம். கம்பியைப் பிடித்து உலுக்கி, நெற்றியால் முட்டி, ரத்தம் வடிய நின்றார். தெருவே கூடிவிட்டது. 'வயசான மனுசனை இப்படியா அடைச்சு வைப்பீங்க' என்று கேட்டார்கள். மதினி ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறாள். காலையில் போனால் மத்தியானம்தான் வருவாள். நான் கல்யாணம் காட்சி இல்லாத ஆள். மாடி அறையில் இருந்துகொண்டு அச்சகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறேன். மிச்ச நேரத்தில் நாலு வரி எழுதுகிறேன், குட்டி ரயில் செய்கிறேன். காவல் என் தலையில் விழுந்தது.

குட்டி ரயில் செய்கிறவர்கள் எல்லோரும் இன்ஜின்தான் செய்வார்கள். நான் டிராலிதான் செய்வேன். ஏன் என்று கேட்டால் அன்றைக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. மேசையில் ஒரு நீள்வட்டத் தண்டவாளம், அதில் அந்த உள்ளங்கை வண்டி, அதன் வயிற்றில் சுண்டைக்காய் அளவு மோட்டார். அது ஒழுங்காக ஓடியதே இல்லை. குட்டி ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளத்தில் வரும். அதைச் சக்கரம் வாங்கி மோட்டாருக்குக் கொடுக்கவேண்டும். இன்ஜின் கனமான வண்டி, இரும்பை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். டிராலிக்குக் கனமே இல்லை. தத்தும், பொறி பறக்கும், நிற்கும், விரலால் ஒரு தட்டு தட்டினால் போகும்.

ஒரு நாள் காலை, தெருக்கேட் பூட்டிக் கிடந்ததால், அண்ணன் படி ஏறி மேலே வந்துவிட்டார். மேசையைப் பார்த்தார். டிராலி தத்தித் தத்தி ஓடிக்கொண்டிருந்தது.

"இது எந்தச் செக்சன் வண்டி?"

"நம்ம செக்சன்தாண்ணே."

குனிந்தார். சக்கரத்துக்கு அடியில் நீலமாக ஒரு பொறி வெட்டியது. அவர் முகம் மாறிப்போனது. எத்தனையோ மாதமாக எங்கோ போயிருந்த மனிதர் திரும்பி வந்து அந்த முகத்துக்குள் நின்றார்.

"எவன்டா இந்த வண்டிய பாஸ் பண்ணது? சக்கரத்துல கரண்டு போகுது பாரு. சிக்னல் செவப்பு விழுந்துரும். பின்னாடி வர்ற வண்டி பூராம் நின்னுபோகும்."

அவர் சொன்னது சரி. தண்டவாளத்தில் மெல்லிய மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். ரயில் ஏறினால் அதன் சக்கரங்கள் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துவிட, சிக்னல் தெரிந்துகொண்டு சிவப்புக் காட்டும். டிராலி ஏறினால் சிக்னலுக்குத் தெரியவே கூடாது. அதனால் அதன் சக்கரங்களில் மின்சாரம் கடக்காதபடி தடுப்பு வைத்திருப்பார்கள். அந்த வண்டியில் போகிறவர்கள் எந்தச் சிக்னலின் கணக்கிலும் இல்லாதவர்கள். கண்ணையும் காதையும் நம்பித்தான் போகவேண்டும். என் குட்டி டிராலியோ சக்கரத்தில் மின்சாரம் வாங்கினால்தான் உயிரோடிருக்கும். அவருடைய பிழைப்பில் எது பெரிய குற்றமோ அதில்தான் என் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"டேப் இருக்கா மாப்ள?" என்றார். என்னை மாப்ள என்று அவர் அதற்கு முன் கூப்பிட்டதில்லை. கூட ஓடித் தள்ளிய யாரோ ஒருவராக நான் ஆகிவிட்டேன்.

வயர் சுற்றுகிற கறுப்பு டேப்பைக் கொடுத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பொத்தான் அளவு சக்கரத்துக்கு, கத்தரியால் நூல் மாதிரி டேப்பைக் கிழித்துக் கிழித்துச் சுற்றினார். பிசகினால் உரித்துவிட்டு மறுபடி. மதினி வந்து சோற்றுக்குக் கூப்பிடும்வரை தலை நிமிரவில்லை. நாலு சக்கரமும் முடிந்ததும் வண்டி செத்துப்போனது. ஓட்டத்துக்கு வழியே இல்லை. அவருக்கு அது ஒரு பொருட்டா என்ன? டிராலி என்றால் தள்ளத்தானே வேண்டும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் தண்டவாளத்தின்மேல் ஊன்றி, இரண்டு கால்போல மாற்றி மாற்றி ஓடவிட்டு, உள்ளங்கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். வளைவில் விரல்கள் வேகம் குறைத்தன. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாப்பிட்டதும் டூட்டி முடிந்த மாதிரி படுத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் லைனுக்குப் போகவில்லை.

சாயங்காலம் அவர் அசந்த நேரத்தில் டேப்பை உரித்துப் போட்டேன். மறுநாள் காலை மேலே வந்தார், பொறியைப் பார்த்தார், எவன்டா இதை பாஸ் பண்ணது என்றார், டேப் கேட்டார். அதற்கு மறுநாளும். அப்புறமும். ஒவ்வொரு நாளும் அந்தக் கோபம் புத்தம் புதுசு.

முதலில் மதினிக்கு எரிச்சல். "எம்புட்டு வயசாச்சு ரெண்டு பேருக்கும். பொம்ம வண்டி வச்சு வெளையாடுறீக." பிறகு அவளே டேப் வாங்கி வர ஆரம்பித்தாள். "கடக்காரரு கேக்குறாரு தம்பி, வீட்டுல அம்புட்டு வயரும் அறுந்து கெடக்கான்னு. மனுசன்தான் அறுந்து கெடக்காருன்னு சொல்லிட்டு வந்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. மழை வந்து போனது, பொங்கல் வந்து போனது, டீக்கடைக்காரரிடமிருந்து போனே இல்லை.

அதோடு நான் விட்டிருக்கலாம். ஓடாத வண்டி என் கண்ணை உறுத்தியது. தினம் அவர் டேப் சுற்றுவதும் தினம் நான் உரிப்பதுமாக, ஒரு மனிதரைச் செக்கு மாடாக்கிவிட்டோமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பெஞ்சுக்கு அடியில் பொத்தான் பேட்டரி ஒன்றைப் பொருத்தினேன். சக்கரங்களைப் பிளாஸ்டிக்கில் மாற்றினேன். தண்டவாளத்துக்குக் கொடுத்த மின்சாரத்தைப் பிடுங்கிப் போட்டேன். வண்டி வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி ஓடியது. பொறி இல்லை, தத்தல் இல்லை. அண்ணன் ஒரு தடவையாவது ஓடுகிற வண்டியைப் பார்க்கட்டும்.

வந்தார். பார்த்தார். சக்கரத்தை நகத்தால் தட்டினார். புரட்டிப் போட்டு அடிவயிற்றைப் பார்த்தார்.

"சரியா இருக்கு," என்றார்.

எழுந்து போனார். அதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு? கீழே கட்டிலில் படுக்கத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டு ஒரு அச்சுத்தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். அண்ணன் மேலே வர ஆரம்பித்ததிலிருந்து தெருக்கேட்டைப் பூட்டும் வழக்கம் விட்டுப்போயிருந்தது. போன் வந்தது.

"அண்ணே, ஓடியாங்க. நடு லைன்ல நிக்கிறாரு. வண்டி வர்ற நேரம்."

நான் போய்ச் சேர்ந்தபோது, பக்கத்தில் ஜல்லி கொட்டிக்கொண்டிருந்த ஆட்கள் அவரை இழுத்து ஓரத்தில் உட்காரவைத்திருந்தார்கள். ரயில் போய்க்கொண்டிருந்தது. பெட்டி பெட்டியாக, முடியாமல், போய்க்கொண்டே இருந்தது. காற்று அவர் வேட்டியை அடித்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மாப்ள, வண்டி ரெடியாயிருச்சுல்ல. எங்க ஏத்தி வச்சிருக்கீக? காங்கலையே."

அப்போதுதான் புரிந்தது. பழுது பார்த்து முடியாத வண்டியை லைனில் ஏற்றமாட்டார்கள். அத்தனை மாதமும் அவரை வீட்டில் பிடித்துவைத்திருந்தது நான் இல்லை, மதினி இல்லை, கேட்டு இல்லை. அந்தப் பழுதுதான். அதை நான் சரிசெய்துவிட்டேன்.

அன்றைக்கே இரும்புச் சக்கரங்களைத் திரும்ப மாட்டினேன். மறுநாள் அவர் டேப் கேட்டபோது, கேட்டு முடிப்பதற்குள் நீட்டினேன். ஆனால் பாதிக் காலையிலேயே முடித்துவிட்டார். விரல்கள் பழகியிருந்தன. முடித்துவிட்டுப் படிப்பக்கம் பார்த்தார். ஆகவே இன்னொரு பழுது வேண்டியிருந்தது. பெஞ்சின் திருகாணியைத் தளர்த்தி வைத்தேன். குடைக்கம்பியை வளைத்தேன். பலகையில் பிளேடால் ஒரு கீறல். பிரேக் கட்டை சக்கரத்தைத் தொடாதபடி ஒரு மயிரிழை இடைவெளி. என் ஆயுசெல்லாம் அடுத்தவர் தாளில் பிழையைத் தேடித் தேடி எடுத்துப் போட்டவன், ஒரு வண்டிக்குள் தினம் பிழையை விதைத்துக்கொண்டிருந்தேன். ரொம்பத் தெரிகிற பழுதென்றால் சட்டென்று முடித்துவிடுவார். ரொம்ப ஒளிந்த பழுதென்றால் கண்டுபிடிக்காமல், சரியா இருக்கு என்று சொல்லிவிடுவார். இரண்டுக்கும் நடுவில் ஒரு பழுது. நீளமான பழுது. ஒரு காலைப்பொழுதின் நீளம் உள்ள பழுது. கவிதைக்குக்கூட நான் அப்படி மண்டையை உடைத்துக்கொண்டதில்லை.

பிறகு கோடையில் அவர் பழுதைக் கவனிக்காமல் விட ஆரம்பித்தார். முதலில் கீறலை விட்டார். அப்புறம் வளைந்த குடைக்கம்பியை. ஒரு நாள் பிரேக்கையே கழற்றி ஒளித்துவைத்தேன். "சரியா இருக்கு," என்று எழுந்தார். கையைப் பிடித்து உட்காரவைத்து, ரேடியோ போட்டு, பழம் உரித்துக்கொடுத்து, அந்தக் காலையை எப்படியோ தள்ளினேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டரம்மா மெதுவாகத்தான் சொன்னார். "தெரிஞ்சதெல்லாம் ஒண்ணொண்ணாப் போயிட்டேதான் இருக்கும் சார். ஒரு நாள் போற வழியும் மறந்துரும். அப்ப அலைச்சல் கொறையலாம்."

வெளியே மருந்துச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு மதினி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அவள் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எது மொதல்ல மறக்கும் தம்பி? வண்டியா, வழியா?"

"தெரியல மதினி."

"வழி போகணும். வழி மொதல்ல போயிருச்சுன்னா மனுசன் தப்பிச்சாரு." மருந்துச் சீட்டை இன்னொரு மடிப்பு மடித்தாள். "நாளைக்கு மலையடிவாரத்துல போய்க் கேக்கப்போறேன். புருசனுக்கு மறதியக் குடு சாமின்னு கேக்குறவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்."

கேட்டாள். நானும், சாமி கும்பிடாதவன், மனசுக்குள் கேட்டேன். தினம் காலையில் இந்தப் பக்கம் பழுதைப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் அவர் மூளையிலிருந்து ஒரு தெருவை அழித்துவிடு என்று வேண்டிக்கொண்டு.

போன வாரம் டிராலியிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றினேன். அதற்கு மேல் கெடுக்க எனக்குத் தெரியவில்லை. ஒரு மூலை சாய்ந்து, பலகை தண்டவாளத்தில் இடித்துக்கொண்டு நின்றது.

அண்ணன் வந்தார். குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சரியா இருக்கு."

"அண்ணே, இந்தச் சக்கரம் எங்கண்ணே?"

ஊர் தெரியாமல் விலாசம் கேட்கிறவனிடம் பேசுகிற மரியாதையோடு என்னைப் பார்த்தார். "நல்லாத்தான இருக்கு," என்றார். படி இறங்கினார்.

நான் தடுக்கவில்லை. இன்றைக்குத் தெரிந்துகொள்வோம் என்று ஒரு வெறி. பின்னாலேயே போனேன். தெருமுனையில் நின்றார். ஒரு பக்கம் போனால் லைன். மறுபக்கம் கோயில், கடைத்தெரு. ஷேர் ஆட்டோ ஒன்று ஒதுங்கிப் போனது. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அவர் திரும்பி என்னிடம் வந்தார்.

"மாப்ள, லைனு எந்தப் பக்கம்?"

கோயில் பக்கம் கையைக் காட்டினேன். அந்தக் கை என்னுடையது மாதிரி இல்லை.

நம்பினார். தலையை ஆட்டிவிட்டு மலையைப் பார்த்து நடந்தார். பூக்கடை தாண்டி, பாத்திரக்கடை தாண்டி, தேங்காய் உடைக்கிற சத்தம் தாண்டி. நான் கூடவே நடந்தேன். போய்விட்டது, மதினி, வழி போய்விட்டது என்று சொல்லிக்கொண்டேன். மதினிக்குச் சொல்லப் போனைக்கூடக் கையில் எடுத்தேன்.

அப்போது ரயில் ஹாரன் அடித்தது. எங்களுக்குப் பின்னால், வீடுகளுக்கு அப்பால், நீளமாக.

அண்ணன் நின்றார். மெதுவாகத் திரும்பினார்.

"அந்தா," என்றார். அவருக்கு என்மேல் கோபம்கூட இல்லை. "அங்கன இருக்கு. வா மாப்ள, நேரமாச்சு."

அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தேன். ஆயுசெல்லாம் வண்டி தள்ளிய உடம்பு. என்னையும் இழுத்துக்கொண்டே நடந்தார். பூக்கடைக்காரம்மா எழுந்து நின்று பார்த்தாள். இந்தப் பக்கம்ண்ணே, இந்தப் பக்கம்ண்ணே என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். ஹாரன் மறுபடி அடித்தது.