கொலாச்சோடு போன பாட்டில்கள்

“என் பீர்ல ஒரு சொட்டுகூட இதுவரைக்கும் மண்ணைத் தொட்டதில்ல. இனியும் தொடாது. தொடுற அன்னிலேர்ந்து நான் வெறும் தண்ணியக் குடிச்சு உசுர் வாழறேன்.”

ராடிம் ஷெவெலா இப்படிச் சொன்னது ஊர் மதுக்கடையில், தீயணைப்புப் படையின் ஆண்டு விருந்தன்று, நாற்காலிமேல் ஏறி நின்று. சொன்னபோது அவர் கையில் இருந்தது மதுக்கடைக்காரரின் பீர் என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை. கொஞ்ச நேரம் கடையே அமைதியாகிவிட்டது. சிலர் கோப்பைக்குள் பார்த்தார்கள், சிலர் கூரையைப் பார்த்தார்கள், காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் டொஸ்தால் மட்டும் நீண்ட நேரம் இருமினார். ராடிம் அந்த அமைதியை மரியாதை என்று எடுத்துக்கொண்டு நாற்காலியை விட்டு இறங்கினார்.

மொராவியாவில் எங்கள் பக்கத்து ஆண்பிள்ளை பிளம் பழத்தில் சாராயம் இறக்குவான். கொஞ்சம் தெற்கே போனால் ஒயின் போடுவான். பீர் வேண்டுமென்றால் கடைக்குப் போய்க் குடிப்பான். ராடிம் மட்டும் வீட்டில் பீர் காய்ச்சினார். அரசாங்கம் அவருக்குக் கொடுத்திருந்த வேலை வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது. கடவுள் கொடுத்த வேலை பீர் என்று அவரே சொல்லிக்கொள்வார். கடவுள் தரப்பில் யாரும் அதை உறுதிப்படுத்தவில்லை.

துணி வேகவைக்கும் பழைய கொப்பரையில் முளைகட்டி வறுத்த பார்லியையும் கசப்புக்கு ஹாப்ஸ் பூவையும் காய்ச்சி, ஈஸ்ட் விட்டு, நிலவறையில் புளிக்க வைப்பார். புளித்து அடங்கியதும் கம்பிக் கொக்கி போட்ட பாட்டில்களில் நிரப்பி, பாட்டிலுக்கு ஒரு சர்க்கரைக் கட்டி போட்டு மூடுவார். பீரில் மிச்சமிருக்கும் ஈஸ்ட் அந்தக் கட்டியைத் தின்று வாயு விடும். வெளியே போக வழியில்லாத அந்த வாயுதான் நுரை. முப்பது வருஷமாக அவர் கை இதைச் செய்துவந்தது. பாட்டில், கட்டி, கொக்கி. பாட்டில், கட்டி, கொக்கி.

கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் ஊர் முழுக்கப் பாட்டில் போகும். அடுத்த முறை மீட்டர் பார்க்கப் போகும் இடத்தில் “எப்படி இருந்துச்சு?” என்று கேட்பார். “வந்த அன்னிக்கே காலி” என்பார்கள். அவர் அந்த வீட்டு நிலவறைக்கு இறங்கி மீட்டர் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, மனம் நிறைந்து மேலே ஏறி வருவார். அவர் எந்த மாதம் வருவார் என்பது ஊருக்குத் தெரியும். அது எவ்வளவு முக்கியமான விஷயம் என்பது அவருக்குத்தான் தெரியாமல் இருந்தது.

மகள் பிளாங்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஹினெக், பக்கத்து ஊர், வேதியியல் படித்தவன். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டில் நாள் முழுக்க அடுப்பெரியும். விரல் நீளம்கூட இல்லாத கொலாச் ரொட்டிகளை நூற்றுக்கணக்கில் சுட்டு, உள்ளே பாலாடைக் கட்டியும் பிளம் களியும் கசகசாவும் வைத்து, பொட்டலம் கட்டி, உறவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பொட்டலம் வராத வீடு ஜென்மத்துக்கும் பேசாது. இந்த முறை ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு பாட்டில் பீரும் போகும் என்று ராடிம் அறிவித்தார். அவர் மனைவி ஹெட்விகா, அறிவிப்பைக் கேட்டு மாவு பிசைவதைக் கொஞ்சம் வேகமாக்கினாள்.

வேதியியல் படித்த மாப்பிள்ளையின் முன்னால் சர்க்கரைக் கட்டியோடு நிற்க ராடிமுக்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே கல்யாண பீருக்கு மட்டும் விஞ்ஞானத்தைக் கூப்பிட்டார். சின்னத் தராசு ஒன்று வாங்கி, சர்க்கரையை நிறுத்து, பாகு காய்ச்சி, மொத்த பீரிலும் கலந்துவிட்டார். இனி ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரே அளவு நுரை. பிறகு நிரப்ப உட்கார்ந்தார். நிரப்பும்போது வாய் சும்மா இருக்க வேண்டாமே என்று கல்யாண விருந்தில் பேசவேண்டிய பேச்சை உரக்க ஒத்திகை பார்த்தார். நல்ல பேச்சு, இரண்டு இடத்தில் அவருக்கே கண் கலங்கியது. வாய் பேசிக்கொண்டிருக்க, கண் கலங்கிக்கொண்டிருக்க, கை தன் வேலையைப் பார்த்தது. பாட்டில், கட்டி, கொக்கி.

நிலவறைக் குளிர்ச்சியில் பாட்டில்கள் சாதுவாக இருந்தன. பிறகு கொலாச்சோடு ஊருக்குள் போயின. ஜூன் மாத வெயில், நல்ல வெயில்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் தையல்காரம்மா பிளாங்காவின் உடுப்பைச் சரிபார்க்க வந்தாள். அவளுக்குக் காப்பி போட ஹெட்விகா அலமாரியைத் திறந்தாள்.

“ஏய்யா ராடிம், சக்கரக்கட்டி எங்க? டப்பா டப்பாவா வாங்கி வச்சிருந்தேன், ஒண்ணுகூட இல்ல.”

“பாட்டில்ல போட்டேன். வேற எங்க போகும்?” என்றார் ராடிம், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

குண்டூசிகளுக்கு நடுவே கையைத் தூக்கிக்கொண்டு நின்ற பிளாங்கா மெதுவாகத் திரும்பினாள். “அப்பா, நீங்க இந்தத் தடவ பாகு காய்ச்சி ஊத்தினீங்களே. தராசெல்லாம் வாங்கி.”

ராடிம் செய்தித்தாளைத் தாழ்த்தினார். அவர் சார்பில் நிலவறை பதில் சொன்னது. முதலில் ஒரு வெடிச்சத்தம், அதன் பிறகு கண்ணாடி சிதறி விழும் ஓசை, கடைசியில் பீர் வழியும் ஓசை. தையல்காரம்மா வாயில் கவ்வியிருந்த குண்டூசியை விழுங்காதது அன்றைய முதல் அதிர்ஷ்டம்.

ஹெட்விகா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். “ஊர் பூரா குடுத்திருக்கியேய்யா.”

“யாராவது ஒருத்தருக்குக் கண்ணு போச்சுன்னா,” என்றாள் பிளாங்கா, “அந்தக் கல்யாணத்துல நான் எப்படிப்பா நிக்கறது?”

ராடிமின் கண்முன்னே ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டில் நின்றது; ஒவ்வொரு பாட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு முகம் குனிந்தது. எல்லோரிடமும் போய் உண்மையைச் சொல்லிவிடு என்றாள் ஹெட்விகா. சொல்லலாம்தான், முதலில் மீட்டர் பார்க்கிற மாதிரி போய்ப் பார்க்கிறேன் என்றார் ராடிம். ஓர் ஊரே வெடிக்கப்போகும் நேரத்திலும் மனுஷனுக்குக் கௌரவம் வேண்டியிருக்கிறது.

சொந்த நிலவறையில் மிச்சமிருந்த பாட்டில்களின் கொக்கிகளை முதலில் தளர்த்தினார். ஒவ்வொன்றும் பாம்பாகச் சீறியது. பிறகு இளவயதில் ஐஸ் ஹாக்கியில் கோல் காத்தபோது போட்ட முகமூடி, தோல் கையுறை, ஈரச்சாக்கு, எல்லாவற்றையும் தண்ணீர் இலாகாவின் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

முதல் வீடு, தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வட்சுலீகோவா அம்மாள். “ஏம்ப்பா, இப்பத்தானே பாத்துட்டுப் போன?” என்று வாசலை மறித்தாள். எண்ணில் சந்தேகம் என்றார் ராடிம். நிலவறையை ஒதுங்க வைக்கிறேன், கொஞ்சம் இரு என்றாள். அவள் வாய் மூடுமுன் அவர் படியிறங்கிவிட்டார்.

கீழே போய் முகமூடியை மாட்டிக்கொண்டு விளக்கைப் போட்டவர் அப்படியே நின்றார். உருளைக்கிழங்குக் குவியலுக்குப் பின்னால், வழக்கமாகப் போர்வை போர்த்தியிருக்கும் மூலையில், அன்று போர்வை இல்லை. அங்கே அவருடைய பாட்டில்கள் அணிவகுத்திருந்தன. போன ஈஸ்டர், போன கிறிஸ்துமஸ், அதற்கும் முந்தின கிறிஸ்துமஸ். எல்லாம் தூசு படிந்து, கொக்கி கழற்றாமல், பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல உயரவாரியாக. வரிசையின் முனையில் கல்யாணப் பாட்டில், சில்லென்ற தரையில், பத்திரமாக.

ராடிமின் நெஞ்சில் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடந்தன. ஒன்று உடைந்தது, ஒன்று லேசானது. எது பெரிது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஈரச்சாக்கைப் போர்த்தி, புதுப் பாட்டிலின் கொக்கியைத் தளர்த்தினார். நுரை நிலவறைக் கூரையைத் தொட்டுவிட்டு வந்தது.

மேலே வட்சுலீகோவா அம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். “தப்பா நெனைக்காதப்பா. பாதிய நான் தல அலசத்தான் வச்சிருக்கேன். முடி நல்லா மின்னுது.”

“ரொம்ப நல்லதும்மா,” என்றார் ராடிம். உண்மையாகவே சொன்னார். அவள் முகத்தில் இரண்டு கண்ணும் இருந்தன.

பாதிரியார், வந்த அன்றே பாட்டிலை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டாராம். ஏழைகள் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அது தேவாலயத்தின் கல் தரையில் மெழுகுவத்திகளுக்கு நடுவே குளிர்ந்துகொண்டிருந்தது. மதுக்கடைக்காரர் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்கத் தன் பாட்டிலை முட்டுக்கொடுத்திருந்தார், நிழல் பக்கமாக. பள்ளித் தலைமையாசிரியர் மாட்டுக்கறிக் குழம்பில் ஊற்றிவிட்டதாகச் சொல்லி, குழம்பையும் கொட்டிவிட்டதாகச் சொன்னார். ஒவ்வொரு வாசலிலும் ராடிமின் முதுகு கொஞ்சம் வளைந்தது, நடை கொஞ்சம் வேகமானது. இத்தனை வருஷம் தன் பீரை யாரும் குடிக்கவில்லை என்ற செய்தி ஒரு மனிதனுக்கு இவ்வளவு ஆறுதல் தரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

டொஸ்தாலின் வீட்டில் பாட்டில் இல்லை. தோட்டத்தில் லெட்டூஸ் பாத்தி நெடுகிலும் ஜாடி மூடிகள் மண்ணில் பதித்திருந்தன. மூடிகளில் பழுப்பாக ஏதோ நின்றது. அதில் செம்பழுப்பு நத்தைகள், அந்த ஓடில்லாத தடித்த ஜாதி, தலைகீழாக மிதந்தன.

“டேய் டொஸ்தால். இது நம்ம பீரா?”

டொஸ்தால் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, இருமப் பார்த்து, வேண்டாமென்று விட்டுவிட்டார். “கோச்சுக்காத. கட பீர் வச்சா எட்டிப் பாத்துட்டுப் போயிடுது. உன்னோடதுன்னா ஊர்வலமா வருது. இந்தத் தடவதான் என்னமோ, மூடியத் திறந்ததும் கூரைக்கு அடிச்சுது. அன்னிக்கே திறந்துட்டேன்.”

“கண்ணு?”

“ரெண்டும் இருக்கு. ஏன்?”

ராடிம் அவரைக் கட்டிப்பிடித்தார். நாற்பது வருஷச் சினேகிதத்தில் டொஸ்தாலுக்கு இது முதல் அனுபவம்; அவர் பயந்துவிட்டார்.

மிச்சம் ஒரே வீடு. சம்பந்தி வீடு. பஸ்ஸில் போகும்போது ராடிம் முதல் முறையாகத் தன் பீருக்காகப் பிரார்த்தனை செய்தார்: அந்த வீட்டிலும் யாருக்கும் அது பிடித்திருக்கக் கூடாது. நிலவறையில், போர்வைக்கடியில், மறந்துபோய் இருக்க வேண்டும்.

ஆனால் சம்பந்தி வீட்டார் மரியாதை தெரிந்தவர்கள். ஹினெக்கின் அம்மா மிலுஷே பாட்டிலுக்கு வெள்ளை ரிப்பன் கட்டி, சமையலறை ஜன்னல் விளிம்பில், ஜெரேனியப் பூந்தொட்டிகளுக்கு நடுவே நல்ல வெயிலில் வைத்திருந்தாள். வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்கட்டுமே என்று. ஜன்னலுக்கு நேர் கீழே நாற்காலியில் ஹினெக்கின் தாத்தா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பாட்டிலின் கொக்கிக் கம்பி விறைத்து, தானாகவே மெல்ல ரீங்கரித்தது.

இந்த வீட்டின் மீட்டர் வேறு ஊராட்சியைச் சேர்ந்தது. சொல்லப் பொய் எதுவும் கையில் இல்லை.

“சம்பந்தியம்மா,” என்றார் ராடிம், வாசற்படியிலேயே நின்று. “தாத்தாவ எழுப்பி அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க. பாட்டில் பக்கம் போகாதீங்க. என் பீர் தப்பாப் போச்சு. ரெண்டு தடவ சக்கர போட்டுட்டேன். வெடிக்கும்.”

சொல்லி முடித்ததும் தானே ஆச்சரியப்பட்டார். முப்பது வருஷத்தில் இந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. வந்த பிறகு வானம் இடிந்து விழவும் இல்லை.

மிலுஷே தாத்தாவை நாற்காலியோடு இழுத்துக்கொண்டு போனாள். தாத்தா முழிக்கவில்லை. ராடிம் முகமூடியை மாட்டிக்கொண்டு, ஈரச்சாக்கைப் பாட்டில்மேல் போட்டு, மார்போடு சேர்த்துப் பச்சைக் குழந்தையைப்போல முற்றத்துக்குத் தூக்கிப்போனார். கால் தடுமாறவில்லை, கோல்காரரின் கால். கோழிக் கூண்டைத் தாண்டிப் போய், மண்டியிட்டு, கொக்கியை விடுவித்தார். சாக்கு அவர் கையிலிருந்து பறந்து பீச் மரத்தில் தொங்கியது. நுரை ஆளுயரத்துக்கு எழுந்து கோழிகள்மேல் பெய்தது. பிறகு அமைதி. பாட்டில் முழுசாக இருந்தது. ரிப்பன்கூட அவிழவில்லை.

மிலுஷே கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். “முடிஞ்சுதா சம்பந்தி?”

“முடிஞ்சுது.”

“அப்ப கல்யாணத்துக்கு இந்த பீர் இருக்காதா?”

“இருக்காதும்மா. மதுக்கடையில பீப்பா சொல்லிடறேன்.”

அவள் படியில் உட்கார்ந்து ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அப்பாடா. என்னத் தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. ஈஸ்டருக்கு நீங்க குடுத்ததக் குடிச்சதிலேர்ந்து எங்க வீட்டுக்காரரு, கல்யாணத்தன்னிக்கு எல்லாரும் பாக்கக் கோப்பையத் தூக்கணுமேன்னு தூக்கமில்லாம கெடக்காரு. வயித்துவலின்னு சொல்லிடலாமான்னு ஹினெக்கைக் கேட்டாரு. அவன், மொத நாளே பொய்யில தொடங்க வேண்டாம்ப்பான்னுட்டான்.”

ராடிம் முகமூடியைக் கழற்றினார். உள்ளே அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வெகுநேரமாகவே சிரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், தாடையெல்லாம் வலித்தது.

வீடு திரும்பியதும் பிளாங்காவிடம் தன் இரண்டு கண்களையும் விரலால் தொட்டுக் காட்டித் தலையசைத்தார். அவள் குண்டூசி குத்தியிருந்த உடுப்போடேயே வந்து கட்டிக்கொண்டாள். இரண்டு இடத்தில் குத்தியது, அவர் விலகவில்லை.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும், நிலவறையில் வாயு இறங்கி நின்ற பாட்டில்களில் ஒரு கூடை எடுத்துக்கொண்டு ராடிம் தன் வீட்டுத் தோட்டத்துக்குப் போனார். ஜாடி மூடிகளை லெட்டூஸ் பாத்தி ஓரம் மண்ணில் பதித்தார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஊற்றினார். கடைசி மூடி கொஞ்சம் வழிந்து மண்ணை நனைத்தது. ஈரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, செருப்பு நுனியால் மண்ணைத் தள்ளி மூடினார். அதற்குள் பாத்தியின் மறுகோடியிலிருந்து ஒரு தடித்த நத்தை, கொம்பை நீட்டிக்கொண்டு, மூடியை நோக்கி வந்துகொண்டிருந்தது.

உள்ளே ஹெட்விகா மேசையில் ரொட்டியும் வெங்காயம் போட்ட பாலாடைக் கட்டியும் வைத்திருந்தாள். குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டாள்.

ராடிம் குழாயைத் திறந்து ஒரு கோப்பை பிடித்தார். “தண்ணி போதும்,” என்றார்.